நான்கில் ஏழு எப்படி எடுப்பது, டீச்சர்?

வாசகர் கேள்வி – பதில்

(பதில் அளிப்பவர், கும்பகோணம் வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. பின்னக் கணக்கில் என்ன சந்தேகம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றுவது பற்றித்தான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன.)

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. 3/4, 2/5 எல்லாம் படம் வரைந்து வண்ணம் தீட்டிச் சரியாகச் செய்கிறாள். 7/4 என்று வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். "நான்கில் ஏழு எப்படி எடுப்பது?" என்று கேட்கிறாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: முதலில் மகளைத் தட்டிக்கொடுங்கள் அம்மா. பின்னப் பாடத்திலேயே மிக நல்ல கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் என்னிடமும் பிள்ளைகள் இதைக் கேட்டார்கள். "மேலே உள்ள எண் பெரியதாக இருந்தால் தகா பின்னம், வகுத்துப் போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்ட பிள்ளைக்கு அது பதிலே அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சிக்கல் நாம் பின்னத்தை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. 3/4 என்பதை "நான்கில் மூன்று" என்று வாசிக்கிறோம். கேட்டவுடன் பிள்ளையின் மனத்தில் ஒரு படம் வந்துவிடுகிறது: நான்கு துண்டு, அதில் மூன்றை எடுத்தாயிற்று. அதே பழக்கத்தில் 7/4 என்பதை "நான்கில் ஏழு" என்று வாசித்தால் படம் உடைந்துபோகிறது. தட்டில் இருப்பது நான்கு வடை, எடுக்கச் சொல்வது ஏழு. பிள்ளை திகைக்காமல் என்ன செய்யும்?

இன்று இரவு தோசை வார்க்கும்போது இதைச் செய்து பாருங்கள். ஒரு தோசையை நான்காகக் கிழித்து வையுங்கள். ஒவ்வொரு துண்டும் கால் தோசை. "எனக்கு ஏழு கால் வேண்டும்" என்று மகளிடம் கேளுங்கள். "நான்கில் ஏழு" என்று சொல்லாதீர்கள். "ஏழு கால்" என்றே சொல்லுங்கள். அவள் ஒரு கால், இரண்டு கால், மூன்று கால், நான்கு கால் என்று எண்ணி வைப்பாள். அங்கே தோசை தீர்ந்துவிடும். அப்போது அவளே "இன்னொரு தோசை வேண்டும்" என்பாள்.

அந்த இடத்தில் அவசரப்படாமல் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டாவது தோசையைத் தொடலாமா, கூடாதா என்பதுதான் அவளுடைய தடை. பாடப் படங்களில் ஒரே ஒரு வட்டத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. தாண்டலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். இரண்டாவது தோசையிலிருந்து மூன்று கால் எடுத்து வைத்ததும், "மொத்தம் எத்தனை தோசை?" என்று கேளுங்கள். "ஒன்றேமுக்கால்" என்பாள். அவ்வளவுதான், கலப்பு பின்னம் வந்துவிட்டது. வகுத்தல் என்ற பேச்சே இதுவரை எழவில்லை, கவனித்தீர்களா? அதை இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று போன்றவற்றுக்குக் கால், அரை மாதிரிப் புழக்கத்தில் ஒற்றைச் சொல் இல்லை. அதனால் 17/5 வந்தால், "பதினேழு துண்டு, ஒவ்வொரு துண்டும் ஐந்தில் ஒன்று" என்று நீட்டியே வாசிக்கச் சொல்லுங்கள். நீளம்தான், ஆனால் பொருள் சிதையாது.

கேள்வி: தகா பின்னத்தை வகுத்து ஈவு, மீதி, வகுத்தி மூன்றையும் கட்டத்தில் எழுதும் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் 17/5-க்கு 3 5/2, 2 3/5, 3 2/17 என்று ஆளுக்கொரு விடை எழுதுகிறார்கள். எதை எங்கே போடுவது என்பது மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது.
– நடுநிலைப் பள்ளி ஆசிரியர், சாயல்குடி

பதில்: நீங்கள் இருப்பது பனங்காட்டுப் பகுதி. உங்களுக்கு நான் நுங்குக் கணக்கையே சொல்கிறேன். இது என் வகுப்பில் நடந்தது.

ஒரு சித்திரை மாதம். பனையேறி ஒருவரின் மகன் என் வகுப்பில் இருந்தான். வகுத்தலில் கெட்டிக்காரன், பின்னத்தில் மட்டும் தடுமாறுவான். கரும்பலகையில் 17/3 எழுதி அவனை அழைத்தேன். சரியாக வகுத்தான். ஈவு 5, மீதி 2. பிறகு 5 2/17 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மீதியைப் பெரிய எண்ணுக்கு மேல் வைத்தால் சரியாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

தவறு என்று நான் சொல்லவில்லை. "ஒரு நுங்குக் காயில் எத்தனை சுளை?" என்று கேட்டேன். "மூன்று டீச்சர்." "எனக்குப் பதினேழு சுளை வேண்டும். எத்தனை காய் சீவுவாய்?" அவன் யோசிக்கவே இல்லை. "ஆறு காய் சீவணும் டீச்சர். ஆறாவது காயில் ஒரு சுளை மிச்சம் நிற்கும்" என்றான்.

அன்று நான்தான் பாடம் படித்தேன். நான் எதிர்பார்த்தது "ஐந்து காய், அப்புறம் இரண்டு சுளை" என்ற விடையை. அவன் மறுபக்கத்திலிருந்து வந்தான். ஆறு காய்க்கு ஒரு சுளை குறைவு என்பதும் ஐந்து காய்க்கு இரண்டு சுளை கூடுதல் என்பதும் ஒன்றுதான். இரண்டையும் பலகையில் எழுதினேன். பிறகு கேட்டேன்: "மீதி 2 என்று எழுதியிருக்கிறாயே, அந்த 2 என்ன? இரண்டு காயா?" "இல்லை டீச்சர், இரண்டு சுளை." "ஒரு சுளை என்பது ஒரு காயில் எவ்வளவு?" "மூன்றில் ஒன்று." சொல்லி வாய் மூடுவதற்குள் கை பலகைக்குப் போய்விட்டது. 17-ஐ உள்ளங்கையால் அழித்துவிட்டு 3 என்று எழுதினான். கையெல்லாம் சுண்ணாம்புக்கட்டித் தூள்.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "சில காயில் இரண்டு கண்தானே இருக்கும், அப்போ என்ன செய்வது?" என்றாள். அதற்காக ஒரு வகுப்பு முழுவதையும் செலவிட்டேன். இரண்டு கண் காயும் மூன்று கண் காயும் கலந்து கிடந்தால் "மூன்றில் ஒன்று" என்று எழுத முடியாது. கீழே ஓர் எண் எழுதுகிறோம் என்றால், எல்லா முழுமையும் அத்தனை சமத் துண்டுகளாக இருக்கிறது என்று வாக்குக் கொடுக்கிறோம். தொகுதி எத்தனை துண்டு என்று எண்ணிச் சொல்கிறது. பகுதி என்ன துண்டு என்று பெயர் சொல்கிறது. பதினேழு சுளையை எப்படிக் கூட்டிக் கட்டினாலும் சுளை சுளைதான். அதனால்தான் கலப்பு பின்னமாக மாற்றும்போது பகுதி மாறுவதில்லை.

மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் "மீதி 2" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எதில் இரண்டு என்று நாம் கேட்பதே இல்லை. அந்த மீதிக்கு முதன்முறையாகப் பெயர் கிடைக்கும் இடம் இந்தப் பாடம். கட்டம் போடும் முறையைச் சொல்லுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மீதியை எழுதியவுடன் "எதில்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். வகுப்பதற்கு முன்பே விடை எந்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் விழும் என்று சொல்ல வைக்க வேண்டும். 15/5 என்றால் 3. 20/5 என்றால் 4. ஆகவே 17/5 மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். இதைச் சொல்லிவிட்ட பிள்ளை 2 3/5 என்று எழுதினால் தானே நிமிர்ந்து பார்க்கும். 3 5/2 எழுதிய பிள்ளையிடம் "5/2 என்றால் எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டரை. மூன்றும் இரண்டரையும் ஐந்தரை ஆகிவிடுமே என்று அதுவே சொல்லும். 3 2/17 எழுதிய பிள்ளைக்கு நுங்குதான் மருந்து.

கேள்வி: ஏன் டீச்சர் அதற்குத் "தகா" பின்னம் என்று பெயர்? அது என்ன தகாத காரியம் செய்தது?
– ஏழாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: ஒன்றும் செய்யவில்லை கண்ணே. எனக்கும் அந்தப் பெயரின் மேல் வருத்தம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர், தங்கள் நாட்டில் அதை "முறைமையில்லாப் பின்னம்" என்று படித்ததாக எழுதியிருக்கிறார். அங்கேயும் பாவம், அதே கதிதான்! பெயரைக் கேட்ட பிள்ளைகள் 17/5 என்பது தப்பான விடை, 3 2/5 என்பதுதான் சரியான விடை என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் எண்கோட்டில் ஒரே புள்ளி.

எவ்வளவு என்று மனத்தில் பிடிபட வேண்டும் என்றால் கலப்பு பின்னம் உதவும். பெருக்க வேண்டும் என்றால் தகா பின்னம்தான் கைகொடுக்கும். ஒரு திண்ணை 2 1/2 மீட்டர் நீளம், 1 1/3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள். பரப்பு என்ன? முழுவை முழுவோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கி 2 1/6 என்று எழுதுவாய். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். திண்ணையைத் தாளில் வரைந்து பார். அதில் நான்கு செவ்வகங்கள் இருக்கின்றன, நீ இரண்டைத்தான் கணக்கில் சேர்த்தாய். 5/2-ஐ 4/3-ஆல் பெருக்கினால் 20/6, சுருக்கினால் 10/3, அதாவது 3 1/3 சதுர மீட்டர். திண்ணையில் ஒரு மூலையும் விட்டுப்போகவில்லை. எட்டாம் வகுப்புக்குப் போன பிறகு நீயே தகா பின்னத்தைத் தேடிப் போவாய்.

கேள்வி: 24/6-ஐக் கலப்பு பின்னமாக எழுதச் சொன்னால் 4 0/6 என்று எழுதலாமா? –7/3-க்கு விடை என்ன?
– எட்டாம் வகுப்பு மாணவர், ஓசூர்

பதில்: மீதி இல்லை என்றால் 4 என்று எழுதி நிறுத்திவிடு. இரண்டாவதற்கு விடை –2 1/3. ஆனால் அந்தக் கழித்தல் குறி இரண்டுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் சேர்த்துத்தான். கழித்தல் இரண்டிலிருந்து இன்னும் மூன்றில் ஒன்று இடப்பக்கம் போக வேண்டும், வலப்பக்கம் திரும்பக் கூடாது.

கேள்வி: எனக்கு வயது 84. சிறுவயதில் என் பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்து காணி, மா, வீசம் என்று பின்ன வாய்பாடு ஒப்பிப்பார். நாங்கள் அணாக் கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள். இன்றைய பிள்ளைகள் இவ்வளவு திணறுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.
– ஒரு பெரியவர், ஸ்ரீரங்கம்

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

உங்கள் தலைமுறைக்குக் கலப்பு பின்னம் தனிப் பாடமாக இருந்திருக்காது, அன்றாடப் பேச்சாகவே இருந்திருக்கும். 27 அணா என்று யார் வைத்திருப்பார்கள்? ஒரு ரூபாய் பதினொரு அணா என்று வாய் தானாகச் சொல்லும். 16 அணா ஒரு ரூபாய் என்பதால் அது 1 11/16 ரூபாய். 1957 ஏப்ரலில் நூறு பைசாக் கணக்கு வந்தபோது இந்தப் பயிற்சி பிள்ளைகளின் கையை விட்டுப் போயிற்று. முகத்தலளவையும் அப்படித்தான். எட்டு ஆழாக்கு ஒரு நாழி. 19 ஆழாக்கு அரிசி என்றால் இரண்டு நாழி மூன்று ஆழாக்கு, அதாவது 2 3/8 நாழி. அந்த 3/8-ஐக் "காலே அரைக்கால்" என்று உங்கள் பாட்டனார் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். இன்றும் நாம் "முக்காலே மூன்றுவீசம் முடிந்துவிட்டது" என்று சொல்கிறோம். வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் 15/16. ஒரு வீசம்தான் பாக்கி என்று சொல்கிறோம் என்பது சொல்பவர்களில் பலருக்குத் தெரியாது.

நான் வகுப்பில் சொல்லி மகிழும் ஒரு செய்தியை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றேகால், ஒன்றேமுக்கால் என்கிறோமே, நடுவில் அந்த "ஏ" எதற்கு? தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில், தொகைமரபில் இதற்கென்றே விதி இருக்கிறது. ஓர் அளவைச் சொல்லி, அதற்குள் அடங்கும் சிறிய அளவை அடுத்துச் சொன்னால், இடையில் ஏ என்னும் சாரியை வரும். "நாழியே ஆழாக்கு", "காலே காணி" என்று உரையில் காட்டுவார்கள். அதை அடுத்த நூற்பா, அரை என்று வந்தால் இந்தச் சாரியை வராது என்கிறது. அதனால்தான் நாம் ஒன்றரை என்கிறோம், ஒன்றேயரை என்பதில்லை! கலப்பு பின்னத்தை எப்படிச் சொல்வது என்று நம் மொழியின் மிகப் பழைய இலக்கணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் பெருமைக்காக இல்லை ஐயா, வகுப்பில் வேலைக்கு உதவுகிறது. 2 3/4 என்று எண்ணால் எழுதும்போது நடுவில் எந்தக் குறியும் இல்லை. ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் வந்ததும் இரண்டு குறிகள் ஒட்டி நின்றால் பெருக்கல் என்று படிக்கிறார்கள். உடனே 2 3/4-ஐயும் இரண்டு முறை முக்கால், அதாவது ஒன்றரை என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நான் "இரண்டே முக்கால்" என்று அழுத்திச் சொல்லச் சொல்வேன். அந்த "ஏ" இருக்கும் இடத்தில்தான் கூட்டல் குறி ஒளிந்திருக்கிறது, அங்கே அதைப் பென்சிலால் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். 2 + 3/4. பழகிய பிறகு அழித்துவிடலாம்.

திணறுவதைப் பார்த்து வருந்த வேண்டாம் ஐயா. பேரப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் உங்கள் ஆழாக்கை எடுத்துக் கொடுத்து அரிசி அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரிக்கெட்டில் 7.5 ஓவர் என்றால் ஏழரை ஓவர்தானே? என் நண்பன் இல்லை என்கிறான். பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– ஏழாம் வகுப்பு மாணவர், திருவண்ணாமலை

பதில்: நண்பன் சொல்வதுதான் சரி தம்பி. 7.5 ஓவர் என்றால் ஏழு ஓவரும் ஐந்து பந்தும் முடிந்திருக்கிறது. மொத்தம் 47 பந்து. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அது 47/6, கலப்பு பின்னமாக 7 5/6. ஏழரை ஓவர் வேண்டுமென்றால் மூன்று பந்து வீசியிருக்க வேண்டும், பலகையில் 7.3 என்று காட்டும். அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல, ஓவரையும் பந்தையும் பிரிக்கும் புள்ளி. பலகையில் 7.6 என்று ஏன் வருவதே இல்லை என்று நண்பனோடு சேர்ந்து யோசித்துப் பார். ஆறில் ஆறு என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். மாலையில் நேரம் குறைவு. தோசை, பழம் என்று எதுவும் செய்யாமல், வகுத்து ஈவை முன்னால் போடு, மீதியை மேலே போடு என்று மகனுக்கு நேராகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இருபது கணக்கிலும் சரியான விடை எழுதுகிறான். இது போதாதா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. வேலை முடிந்து வந்து பிள்ளையோடு உட்காருகிறீர்களே, அதுவே பெரிது. போதுமா, போதாதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மகனைத்தான் கேட்க வேண்டும்.

மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, 3 2/5-இல் ஐந்தில் ஒன்று அளவுத் துண்டுகள் எத்தனை இருக்கின்றன? மூன்றை ஐந்தால் பெருக்கி இரண்டைக் கூட்டிப் பதினேழு என்பான். ஏன் பெருக்கினாய் என்று கேளுங்கள். "ஒவ்வொரு முழுசிலும் ஐந்து துண்டு இருக்கிறதே" என்று ஏதாவது ஒரு விதத்தில் சொன்னால் நிம்மதியாக இருக்கலாம். "அப்படித்தான் செய்யணும்" என்றால் ஒரு மாலை தோசை வார்க்கத்தான் வேண்டும். இரண்டு, 17/5-க்கு அவனையே ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். பதினேழு பேர், ஐந்து பேர் உட்காரும் வண்டி என்று அவன் சொன்னால், அந்த ஐந்தில் இரண்டு பங்கு வண்டியில் எப்படிப் போவது என்று விடாமல் கேளுங்கள். நான்கு வண்டி வேண்டும் என்பான். விடையை எப்போது அப்படியே வைத்துக்கொள்வது, எப்போது அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுவது என்ற பேச்சு அங்கே தொடங்கும். இருபது கணக்கில் கிடைக்காதது அந்த ஒரு பேச்சில் கிடைக்கும்.

மூன்றாவதற்குச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டி போதும். 365/7-ஐக் கலப்பு பின்னமாக மாற்றச் சொல்லுங்கள். 52 1/7 என்று நொடியில் எழுதிவிடுவான். பிறகு, இந்த ஆண்டு அவன் பிறந்தநாள் என்ன கிழமையில் வந்தது, அடுத்த ஆண்டு என்ன கிழமையில் வரும் என்று பார்க்கச் சொல்லுங்கள். இடையில் பிப்ரவரி 29 வராவிட்டால் ஒரு கிழமை நகர்ந்திருக்கும், வந்தால் இரண்டு கிழமை. அந்த 1/7 எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவன் விரல் நாட்காட்டியில் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று பாருங்கள்.